பரண் வெக்கையில் பொரித்த சேவல்

அடைவைத்த முட்டைகள் இந்த முறையும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

"இந்தப் பெட்டைக்கு என்னத்துக்குத் தீனி? அறுத்துப்போடு," என்றாள் மாமியார் கந்தம்மாள்.

பூவாத்தாள் கோழியைத் தூக்கினாள். புருஷன் நாச்சிமுத்து தடுத்தான்.

"போன பெட்டையையும் இப்படித்தான அறுத்தோம்? குத்தமெல்லாம் சேவல் மேல ஆத்தா. அக்கினி நட்சத்திரத்துல, பரண் வெக்கையில பொரிச்ச சேவலு அது. கருவுலயே அதோட வித்து வெந்துபோச்சு. பெட்டை பாவம், என்ன பண்ணும்?"

அவன் இவ்வளவு பரிந்து பேசிப் பூவாத்தாள் கேட்டதே இல்லை.

"நேரமாச்சு சாமி. ராசிபுரத்துல பொண்ணூட்டுக்காரங்க காத்திருப்பாங்க," என்றாள் கந்தம்மாள்.

பிள்ளையில்லை என்று முதல் தாரத்தைத் தள்ளிவைத்த நாச்சிமுத்து, மூன்றாம் தாரம் கட்ட வில்வண்டியில் ஏறினான்.

மாலைக்கூடையை எடுத்துக் கொடுத்தவள், இரண்டாம் தாரமான பூவாத்தாள்.