பல்லி சொல்லிவிட்டது

செவ்வாய்க்கிழமை காலை அணில் சொக்கிக்குத் தலைகால் புரியவில்லை.

"முதல்ல இடிஞ்ச அரண்மனை. ராஜா படுத்த கல்லுக்கட்டில்ல நாம உருளணும்! மத்தியானம் பக்கத்து மியூசியம். வெள்ளிக்கிழமை அதைப் பூட்டிடுவாங்க. கொய்யாப்பழம் கட்டியாச்சு, கிளம்புய்யா!" என்று புருஷன் மருதுவைப் பிடித்து இழுத்தாள்.

"ச்சு ச்சு" என்றது சுவரில் இருந்த பல்லி.

"பல்லி சொல்லிடுச்சு சொக்கி, சகுனம் சரியில்லை. நாளைக்குப் போவோம்" என்றான் மருது.

புதனும் வியாழனும் அப்படியே போயின. வெள்ளிக்கிழமை, கொய்யாப்பழமும் அழுகியபின், சொக்கி சுவரைப் பார்த்துக் கத்தினாள்: "எங்க மேல உனக்கு என்னதான் கோபம்?"

"கோபமா? நானும் வரேன், நானும் வரேன்னுதானே நாலு நாளா கத்துறேன்!"