மிதவையின் குரல்

சிற்றலை வானொலியில் இனம் தெரியாத ஒலிகளைப் பிடித்து, அவை எங்கிருந்து வருகின்றன என்று கண்டறிவது ஜெசிந்தாவின் பொழுதுபோக்கு. அன்று காலை விட்டுவிட்டுக் கேட்ட ஒலி வலை கிடக்கும் இடத்தைக் காட்ட, தண்ணீரில் இருக்கும்வரை வானொலிச் சைகை அனுப்பும் ஒரு வலை மிதவையுடையது என்று தெரிந்ததும் வானொலியோடு கடற்கரைக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுப் பிலோமியின் கணவன் மீன்பிடிக்கப் போன படகு நான்கு நாளாகத் திரும்பவில்லை.

“ஏட்டி, அது அவுக மிதவதான்னு எப்படிச் சொல்லுத?” என்றாள் கரையில் நின்ற பிலோமி.

“ஒவ்வொரு மிதவைக்கும் ஒரு சத்தம் உண்டு. போன மாசம் அவுக வலை போட்ட நாளெல்லாம் இதத்தான் கேட்டேன். தேதியோட எழுதி வச்சிருக்கேன்.”

ஏரியலைத் திருப்பித் திருப்பி, ஒலி உரக்கக் கேட்ட திசையைக் கை நீட்டிக் காட்டினாள். அந்தத் திசையில் தேட மூன்று படகுகள் புறப்பட்டன.

பிற்பகலில் ஒலி சட்டென நின்றது. பிலோமி பதறினாள்.

“பயப்படாத. அது தானா நிக்கல; பேட்டரி தீந்தா கொஞ்சங் கொஞ்சமா மங்கித்தான் நிக்கும்,” என்றாள் ஜெசிந்தா. “யாரோ தண்ணியிலேருந்து தூக்கிட்டாவ.”