கடைசி வரிசை கிளாரினெட்

ஆண்டு விழாவுக்கு பேண்ட் மாஸ்டர் சகாயராஜ் தேர்ந்தெடுத்த பாட்டு, திண்டிவனம் பள்ளியின் தலைமையாசிரியை அமலோற்பவமேரிக்குப் பிடிக்கவில்லை.

“சுலபமா ஒண்ணு போடுங்க மாஸ்டர்.”

“பிள்ளைங்க ஜோரா வாசிக்குதுங்க மேடம்.”

“கடைசி வரிசை கிளாரினெட்டு?”

சகாயராஜ் தயங்கினார். “மேல போனா மட்டும் கீச்சுங்குது...”

“அப்ப, அந்த ஆள நிறுத்திடலாமா?”

“ஐயையோ! அத நான் எப்பிடிங்க சொல்வேன்? பாட்டையே மாத்திடறேன்.”

“அப்பாடா!”

ஒரு வாரமாகத் தவித்துக்கொண்டிருந்த சகாயராஜும் மூச்சு விட்டார்.

ஒத்திகை மணி அடித்தது. சகாயராஜ் முன்னால் போய், பாட்டு மாறியதைப் பிள்ளைகளிடம் சொன்னார். அமலோற்பவமேரி அலமாரியிலிருந்து தன் கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு போய், பிள்ளைகளின் கடைசி வரிசையில் நின்றார்.

பக்கத்தில் நின்ற ஆறாம் வகுப்பு மலர்விழி காதோடு சொன்னாள்:

“பயப்படாதீங்க மேடம். புதுப் பாட்டு ஈசியாம்.”