சத்தம் போட்டதற்குத் தண்டனை

ஒரு விடுகதை போடுகிறேன். வெளியே கொண்டுபோகக் கூடாத புத்தகம். உள்ளே வாய் திறக்கக் கூடாத இடம். கண் தெரியாத ஒருத்தர் அந்தப் புத்தகத்தைப் படித்தாக வேண்டும். எப்படி?

விடை தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். எட்டாம் வகுப்புக்குப் போகவிருந்த செல்லக்கனிக்கும் தெரியவில்லை. 1989 மே மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நூலகம். நூலகர் சுயம்புலிங்கம் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார்.

“அங்க என்ன எழுதியிருக்கு? வாசி.”

“அமைதி காக்கவும்!” என்று செல்லக்கனி ஓங்கி வாசித்தாள்.

“வாசிச்சிட்டு நீயே கத்துதியே!”

“நீங்கதான சார் வாசிக்கச் சொன்னிய?”

பக்கத்தில் நின்ற பரிபூரணம் சித்தி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

சித்திக்கு மூன்று வயதிலேயே பார்வை போய்விட்டது. இராஜபாளையம் பஞ்சு மில்களில் அந்தக் காலத்தில் வேலை பார்த்த பெண்களைப் பற்றி, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அதற்கு வேண்டிய பழைய தொழிலாளர் பத்திரிகைகள், பைண்டு செய்த பதினோரு தொகுதிகள், இந்த நூலகத்தில்தான் இருந்தன. செல்லக்கனி வாசிப்பாள். சித்தி அதைக் கேட்டு, ப்ரெயில் சட்டத்தில் தடித்த காகிதத்தை வைத்து, ஊசியால் டக் டக்கென்று குத்திக் குறிப்பு எடுப்பாள். இதுதான் ஏற்பாடு.

இதை வைத்து எழுத வேண்டிய அத்தியாயம் மாதக் கடைசிக்குள் மதுரைப் பேராசிரியர் கைக்குப் போகாவிட்டால், ஆராய்ச்சிப் பதிவே ரத்து.

“சார், ஒவ்வொண்ணா வீட்டுக்குக் கொண்டு போயிட்டு வாரோம்” என்றாள் சித்தி.

“பழைய தொகுதி வெளிய போகக் கூடாதும்மா. விதி.”

“அப்போ இங்கேயே வாசிக்கட்டும்.”

“வாய்விட்டு வாசிக்கக் கூடாது. அதுவும் விதி.”

“கண்ணால வாசிக்க எனக்கு ஏலாதே சார்.”

“நான் என்ன செய்ய? போன மாசம் நீ வந்து கேட்டதுலருந்து மேலிடத்துக்கு ரெண்டு தடவை எழுதிட்டேன். விதியில இடமில்லைன்னு பதில் வந்திருச்சு.”

மூலையில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்த ரிட்டயர்டு குமாஸ்தா தனுஷ்கோடி, “சார், இது லைப்ரரியா, சந்தையா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து குறட்டையைத் தொடர்ந்தார்.

குறட்டைக்கு மட்டும் விதி இல்லை போலிருக்கிறது என்று செல்லக்கனி நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் டவுன் பஸ் ஏறி வந்தார்கள். செல்லக்கனி முதல் தொகுதியை வாங்கி, சித்தியின் காதோடு வாயை வைத்துக் கிசுகிசுத்தாள். அது யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் ஊசி கேட்டது. டக். டக். டக்.

தனுஷ்கோடி விழித்துக்கொண்டார். “மரங்கொத்தி எதுவும் உள்ள வந்திருச்சா?”

எழுந்து போய்ப் புகார்ப் புத்தகத்தில் முக்கால் பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

சுயம்புலிங்கம் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, அந்த அறையில் அதுவரை யாரும் போடாத சத்தம் போட்டார்.

“நேத்து அம்புட்டு சொல்லியும் கேக்கலையா? எந்திரிங்க ரெண்டு பேரும்! பின்னறைக்கு நடங்க! சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் தலை காட்டப்படாது!”

“பாவம், கண்ணு தெரியாத பிள்ளை” என்றார் ஒருவர், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

செல்லக்கனிக்கு மூக்கு விடைத்தது. “சித்தி, வீட்டுக்குப் போயிருவோம். இந்த ஆளு மூஞ்சியிலேயே இனி முழிக்கப்படாது.”

“நான் யாரு மூஞ்சியிலயும் முழிக்கதில்லையே, ஏட்டி. நட.”

பின்னறையில் எலியும் ஒட்டடையும் இருக்கும் என்று நினைத்துத்தான் செல்லக்கனி கதவைத் தள்ளினாள்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. மண்பானையில் தண்ணீர், மேலே கவிழ்த்த டம்ளர். மேஜைமேல், தூசி தட்டி அடுக்கிய தொகுதிகள். மில் பெண்களைப் பற்றிய பக்கங்களில் எல்லாம் துண்டுக் காகிதம் செருகியிருந்தது.

சித்தி புத்தக முதுகுகளை விரலால் தடவி எண்ணினாள். “பத்து.”

வாசிப்பறையில் விட்டுவந்த பதினோராவதைச் சுயம்புலிங்கம் கையில் கொண்டுவந்து வைத்தார். இப்போது அவர் குரல் பாதிதான் இருந்தது.

“தொகுதி கட்டடத்தை விட்டு வெளிய போகலை. வாசிப்பறையில சத்தமும் இல்லை. சத்தம் போடுதவங்களை அங்கருந்து அப்புறப்படுத்தணும்னு விதியில இருக்கு. எங்க கொண்டு வைக்கணும்னு இல்லை. ராத்திரி படிச்சுப் பாத்தேன்.”

“அப்போ நாளையிலருந்து நேரா இங்கயே வந்திருதோம் சார்!” என்றாள் செல்லக்கனி.

“அது முடியாது. பொதுமக்கள் இங்க வரக் கூடாது, தண்டனைன்னா மட்டுந்தான். தண்டனைன்னா புகார் வேணும். எழுத்துல வேணும். தினமும் வேணும்.”

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அன்று ஆறு மணிக்குள் இரண்டு தொகுதி முடிந்தது. மிச்சம் ஒன்பது.

மறுநாள் காலை வாசிப்பறையில் கூட்டமே இல்லை. பத்தொன்பது நாற்காலி காலியாகக் கிடந்தன. இருபதாவதில் தனுஷ்கோடி, பேப்பருக்குப் பின்னால் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார்.

சுயம்புலிங்கம் புகார்ப் புத்தகத்தைத் திறந்து, அதன்மேல் பேனாவை எடுத்து வைத்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

“எங்க உக்காரப் போறிய?”

செல்லக்கனி, தனுஷ்கோடிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.