வாசலுக்கு நேரே

"எட்டு வருஷ உழைப்பு! அதைக் கொண்டுபோய் வேற்றுக்கிரகக் கதைகளுக்கு நடுவுல செருகி வச்சிருக்கே?"

அண்ணன் போட்ட கூச்சலில், இளைஞர் நாவல்களைப் புரட்டிக்கொண்டிருந்த இரண்டு மாணவிகள் நைசாகக் கடையை விட்டு நழுவினார்கள்.

கடைக்காரியின் முகம் சுண்டிப்போனது. "கத்தாதேண்ணா. எல்லாம் காரணமாத்தான்."

"என்ன பெரிய காரணம்? கூடப் பிறந்தவளே முதுகுல குத்திட்டே! ராஜ பரம்பரையோட வண்டவாளத்தை எழுதினா அது கட்டுக்கதையா? வரலாற்று அலமாரியில, வாசலுக்கு நேரா வைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

அவள் குரலைத் தணித்தாள். "வச்சிருந்தா இந்நேரம் கடையே இருந்திருக்காது. நேத்து பத்துப் பதினஞ்சு பேர் கம்போட வந்தாங்க. நேரா வரலாற்று அலமாரிக்குத்தான் போனாங்க. குடைஞ்சு பார்த்தும் உன் புத்தகம் சிக்கலை. ஒண்ணும் செய்யாம போயிட்டாங்க. நீ பயந்துடுவேன்னுதான் சொல்லலை."

அண்ணன் பொத்தென்று முக்காலியில் உட்கார்ந்தான். அவள் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"அப்போ வந்திருக்காங்க," என்று முணுமுணுத்தான். "பாவம், என்னை ஏமாத்திட்டாங்கன்னுல்ல நினைச்சேன்."

"யாரைச் சொல்றே?"

"அவங்களைத்தான். புத்தகம் வாசலுக்கு நேரா இருக்கும்னு சொல்லி அனுப்பினதே நான்தான். ஒரு கலாட்டா நடந்திருந்தா இன்னைக்கு ஊரே என் புத்தகத்தைத் தேடி அலைஞ்சிருக்கும். எல்லாத்தையும் கெடுத்துட்டே!"

பாட்டிலை நீட்டிய கை அப்படியே நின்றது. "என் கடையையா அண்ணா?"

"அதான் இன்ஷூரன்ஸ் இருக்கே, உனக்கென்ன நஷ்டம்?"