முதன்முதலில் எங்கே பார்த்தாய்?

“‘மீட்’ இல்ல, ‘மெட்’! நடந்து முடிஞ்சதுக்கு ‘மெட்’னுதான் சொல்லணும். இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்கு?” என்று டஸ்டரால் மேசையில் ஓங்கித் தட்டினார் ஆங்கில மாஸ்டர். சாக்பீஸ் தூள் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தில் பறந்தது.

மற்ற மாணவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் மிச்சம் இருந்தது இந்தத் தம்பதி மட்டும்தான். மறுநாள் காலை தூதரகத்தில் அவளுக்கு விசா நேர்காணல்.

கல்யாணம் நிஜம்தானா என்று அதிகாரி குடைந்து குடைந்து கேட்பார். அதுவும் ஆங்கிலத்தில். ஒரு பதில் பிசகினாலும் போதும், வெளிநாட்டில் வெல்டராக இருக்கும் கணவரோடு அவள் போக முடியாது.

மாஸ்டருக்கு, உலகத்திலேயே ஆங்கிலம் தெரிந்த ஒரே ஜீவன் தான்தான் என்று நினைப்பு. படிக்க வருகிறவர்கள் எல்லாரும் மரமண்டைகள். வெல்டருக்காவது போனால் போகிறதென்று ஒரு ‘நீங்க’ போட்டுப் பேசினார். அவளுக்கு அதுவும் கிடையாது.

“மறுபடி கேக்கறேன். வேர் டிட் யூ மீட் யுவர் ஹஸ்பண்ட்?”

“ஐ... மெட் ஹிம்... இன் லைப்ரரி. ஹி கிவ்ட் மீ... புக்.”

“‘கிவ்ட்’டா? ஆகா! அது எந்த டிக்‌ஷனரியில இருக்கு? உங்கப்பா வீட்ல அச்சடிச்சதுலயா? ‘கேவ்’னு சொல்லு! மாசக் கணக்கா தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன். கழுதைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தா இந்நேரம் பட்டம் வாங்கியிருக்கும்.”

“பயப்படாம சொல்லுங்க, நல்லாத்தான் வருது” என்றார் வெல்டர் தணிந்த குரலில்.

“நீங்க சும்மா இருங்க சார். நாளைக்கு உள்ள இவ மட்டும்தான் போகணும். அங்க யார் எடுத்துக் கொடுப்பா?” என்று அவர் பக்கம் பாய்ந்துவிட்டு, மாஸ்டர் அவளிடம் திரும்பினார். “வாட் டிட் யுவர் ஹஸ்பண்ட் டூ யெஸ்டர்டே ஈவினிங்?”

“ஹி ஷவுட்டட் அட் மீ.”

அன்றைக்குத் தப்பில்லாமல், தடுமாறாமல் வந்த முதல் வாக்கியம் அதுதான்.

“அடேங்கப்பா, இது மட்டும் கோர்வையா வருது! இவர் எப்போ உன்னைப் பார்த்துக் கத்தினார்? சத்தமாத் தும்மக்கூடத் தெரியாத மனுஷன். ‘ஹி குக்ட் டின்னர்’னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எங்கே போச்சு அது?”

“ஹி குக்ட் டின்னர்” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஹி ஆஸ்க்ட் மீ, டிட் யூ ஈட்?” என்று சேர்த்துக்கொண்டாள்.

வெல்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மாஸ்டரோ கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பரவால்லயே, நான் சொல்லித் தராததெல்லாம் வருது. இப்பத்தான் ஏதோ மண்டையில ஏறியிருக்கு. இதே மாதிரி சொல்லு, பொழைச்சுக்குவே” என்று பெரிய மனது பண்ணி வகுப்பை முடித்தார்.

வெல்டர் எழுந்து செருப்பை மாட்டினார். “காலையில வந்து கூட்டிட்டுப் போறேங்க. நல்லாத் தூங்குங்க” என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் படியிறங்கினார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்துவிட்டு, மாஸ்டர் கதவைச் சாத்தினார்.

“நல்லாக் கேட்டுக்கோ. கோர்ட்ல நாம பிரிஞ்சது, நீ அந்த ஆளைக் கட்டிக்கிட்டது, எல்லாம் பேப்பர்ல மட்டும்தான். அங்க உனக்குக் குடியுரிமை கிடைச்ச உடனே அவனைக் கழட்டி விட்டுட்டு என்னை வரவழைக்கணும். அதுவரைக்கும் நீ என் பொண்டாட்டிங்கறது வாய் தவறிக்கூட வெளிய வந்துடக் கூடாது. தெரிஞ்சுதா?”

அவள் டஸ்டரை எடுத்துக் கரும்பலகையை நிதானமாகத் துடைத்தாள்.

“வராதுங்க. எனக்கே ஞாபகம் இருக்காது.”