எதை மறக்க விருப்பம்?

தலையில் அடி விழுந்தால் ஏதாவது ஒன்று மறந்துதான் போகும். எது போகட்டும் என்று வீரரே எழுதிக் கொடுக்கலாம் என்று குத்துச்சண்டைச் சங்கம் பெரிய மனசு பண்ணி ஒரு படிவம் வைத்திருந்தது. காசிமேட்டு அல்போன்ஸ் முதல் வருஷம் வாய்ப்பாட்டைக் கொடுத்தான். அப்புறம் மச்சான் பெயர், நீச்சல். போன வருஷம் எழுத்துப் படிப்பும் போயிற்று. அதனால் இந்தத் தடவை படிவத்தை அவன் மனைவி ரெஜினாதான் நிரப்பினாள்.

"இன்னும் இன்னா மிச்சம் கீது?" என்று கேட்டான்.

"நானு, நம்ம பாப்பா, அப்பால பாக்ஸிங்."

"பாக்ஸிங்தான் சோறு போடுது. உன்னை எழுதிக்கோயேன். நீ யாருன்னு அப்பால நீயே சொல்லிக் குடு."

ரெஜினா சரியென்று தலையாட்டிவிட்டு 'பாக்ஸிங்' என்று எழுதி, அவனிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது சுற்றில் நெற்றிப்பொட்டில் ஒன்று இறங்கியது. அல்போன்ஸ் இரண்டு கையையும் தொங்கப் போட்டான்.

"அண்ணே, இன்னாத்துக்கு என்னை அடிக்கிறே?" என்று எதிராளியை மரியாதையாகக் கேட்டான்.

எதிராளி ஓங்கிய கையோடு ரொம்ப நேரம் யோசித்தான். ஒன்றும் பிடிபடாமல் நடுவரைப் பார்த்தான்.

நடுவரும் பழைய வீரர்தான். அவரும் உதட்டைப் பிதுக்கினார்.